வெயில் தாங்காத வண்டி

மச்சினி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள் என்ற செய்தி வந்தபோது நிபுணர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் மனைவி அடுத்த வாக்கியத்தைச் சொன்னதும் அந்த வருத்தம் மச்சினியை விட்டுவிட்டு அவர் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டது.

“பாவங்க, ஒண்டியா இருக்கா. நாம போய்க் கூட்டிட்டு வந்துடலாம். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

“ம்” என்றார் நிபுணர். வெளியே சொன்னது அவ்வளவுதான். உள்ளே ஒரு சபதமே நடந்துகொண்டிருந்தது. இந்த வீட்டுக்குள் அவள் கால் படக்கூடாது. மாவுக்கட்டுப் போட்ட கால் நிச்சயமாகப் படக்கூடாது.

நிபுணர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தெரு வைத்தது. பாடப்புத்தகக் கிடங்கில் மேற்பார்வையாளர் அவர். அங்கே அறிவு கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடப்பதால் அதன் தூசியாவது தம்மேல் படிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. குழாய் ஒழுகினாலும் சொல்வார், கூரை ஒழுகினாலும் சொல்வார், யாருக்காவது மூக்கு ஒழுகினால்கூட நிறுத்திவைத்துச் சொல்வார். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மச்சினி மட்டும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அத்தான், இது நீங்க எங்கயாவது படிச்சதா, இல்ல இப்பத் தோணினதா?” என்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே மனைவியின் தங்கையான இந்தச் சின்னவளைக் கண்டால் அவருக்கு ஆகாது.

வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லவும் வழியில்லை. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சண்டை போடமாட்டாள், சத்தம் போடமாட்டாள். சும்மா பார்ப்பாள். நாளெல்லாம் நுண்ணோக்கியில் கிருமிகளைப் பார்த்துப் பழகிய பார்வை அது. அதன் கீழே நெளிந்த அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

ஆகவே பழியைத் தூக்கிக் காரின் மேல் போட்டார்.

பழைய கார். யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்றது. ஆனால் கியர் தானாக மாறும். கியர் தானாக மாறுகிற வண்டியை, எதற்குமே மாறாத ஒரு மனுஷர் ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்கும் லைசென்ஸ் உண்டு. வாங்கிய புதிதில் ஒரே ஒரு நாள் ஓட்டினாள். நிபுணர் பக்கத்தில் உட்கார்ந்து கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பிரேக்! பிரேக்! ஐயோ, பிரேக்!” என்று வழிநெடுக அலறியதில், நாற்சந்தி நடுவில் அவள் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டாள். அந்தக் கதையை அவர் கல்யாண வீடுகளில் நடித்துக்காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதற்குப் பிறகு அவள் சாவியைத் தொட்டதில்லை.

“போகலாம்தான்” என்றார் நிபுணர், வேண்டாம் என்பதை வேறு மாதிரி உச்சரித்து. “ஆனா இந்த வெயில்ல நெடுந்தூரம்… வண்டி தாங்காதேம்மா.”

“மழைக்காலத்துல பிரேக் பிடிக்காதுன்னீங்க. குளிர்ல ஸ்டார்ட் ஆகாதுன்னீங்க. இப்ப வெயில் தாங்காதா? இந்த வண்டிக்குன்னு கடவுள் ஒரு பருவம் படைக்க மறந்துட்டாரா?”

“நீ நம்பலைன்னா நாளைக்கு மத்தியானம் ஒரு சோதனை ஓட்டம் போகலாம். உன் கண்ணாலயே பாரு.”

சோதனைக்கு அவர் தயாராகவே போனார். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டில் படுத்துப் புரண்டுகொண்டிருந்த சமயம் பார்த்து, மண்டை வெடிக்கிற வெயிலில் வண்டியைக் கிளப்பினார். தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற நேரம். கடைத்தெரு தாண்டியதும் வண்டி இருமியது, விக்கியது, பெருமூச்சு விட்டது, நின்றது. நிபுணர் வெற்றியோடு இறங்கிப் பானெட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, ஒரு டாக்டர் உறவினர்களிடம் தலையாட்டுவதுபோல் ஆட்டினார்.

“நான் சொன்னேன்ல. வெயில் சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாயிடுச்சு.”

“ஆவியா? பட்டப்பகல்லயா?”

“விளையாடாதே. பெட்ரோல் திரவமா இருந்தாதான் பம்ப்பு இழுக்கும். ஆவியானா இழுக்காது. இன்ஜின் பட்டினி கிடக்கும்.”

அவள் கார் ஜன்னல் வழியாகக் குனிந்து எட்டிப் பார்த்தாள். “முள்ளு அடியில கிடக்குதே?”

“அது… முள்ளுக்கும் வெயில் மயக்கம்தான்.”

மனைவி நிமிர்ந்தாள். குடையை விரித்தாள். டிக்கியில் கிடந்த பிளாஸ்டிக் கேனை எடுத்தாள். சாலை கொதிக்கக் கொதிக்க, எதிரே தெரிந்த பெட்ரோல் பங்குக்கு நடந்து போய்த் திரும்பி வந்து, டேங்கில் ஊற்றி, “இப்ப ஆவியை எழுப்புங்க” என்றாள். வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. நன்றிகெட்ட வண்டி.

“டேங்க் காலியா இருந்தா பம்ப்பு சூடாகும். அதனால வெயில் காலத்துல பாதிக்குக் கீழ இறங்கவிடக்கூடாது” என்றார் நிபுணர், தோற்ற இடத்திலும் ஒரு கொடி நட்டுவிட்டு.

“அப்படியா?” என்றாள் அவள். ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிர்பார்த்து ஏங்கிய கவனம் அது. அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புல்லரித்தது.

அன்று சாயங்காலம் சின்னவளோடு மனைவி போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி சாப்பாடு கொண்டுவருகிறாளாம். எழுந்து போய்க் கதவைத் திறக்க முடியாததால் சாவியை ஜன்னல் வழியாக வீசுகிறாளாம். சாவி ஒருமுறை சாக்கடையில் விழுந்துவிட்டதாம். அதைச் சொல்லிச் சின்னவள் சிரிக்கிறாள், மனைவி சிரிக்கவில்லை. நிபுணருக்கு மனசாட்சி லேசாகக் குத்தியது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பெட்ரோல் காலை வாரிவிட்டது. இனி நம்பிக்கை கியர் ஆயில்தான்.

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டினார். தானாகக் கியர் மாறும் வண்டிகளில் கியர் ஆயில் சிவப்பாக இருக்குமாம். ஒழுகினால் தரையில் சிவப்புத் திட்டு தெரியுமாம். சிவப்புத் திட்டு! படித்ததும் அவர் பார்வை சமையலறை அலமாரிக்குப் போனது. அங்கே ரோஸ் சர்பத் பாட்டில் இருந்தது. வெறும் சர்பத்தில் எண்ணெய்ப் பளபளப்பு வராது என்பதால் சமையல் எண்ணெயும் கொஞ்சம் கலந்தார். மறுநாள் விடியற்காலையில் பூனை மாதிரிப் போய்க் காருக்கடியில் ஊற்றிவிட்டு வந்து, பல் தேய்த்து முடித்து, வாசலில் நின்று தெருவே கேட்க அலறினார்.

“ஐயோ! கியர் ஆயில் போச்சே!”

முதலில் ஓடிவந்தவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். வாயில் பிரஷ். “ரத்தமா சார்?”

“ரத்தம்தான் டாக்டர். வண்டியோட ரத்தம். ஆயில் தீர்ந்தா ஆயுள் தீர்ந்துச்சு.”

மனைவி மெதுவாக வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அதற்குள் எறும்புகள் வந்து சேர்ந்திருந்தன. சும்மா ஒன்றிரண்டு இல்லை. வரிசை கட்டி, குடும்பம் குட்டியோடு. இன்னொன்றும் இருந்தது. திட்டு இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது. மேலே மஞ்சளாக மினுங்குகிற ஒரு படலம், கீழே கெட்டிச் சிவப்பு. குழாயில் அடைத்துச் சுழலவிட்ட ரத்தம் அடுக்குப் பிரிவதைத் தினம் பார்க்கிறவள் அவள். தரையில் பார்த்தால் மட்டும் தெரியாமல் போகுமா?

ஒரு விரலால் தொட்டாள். முகர்ந்தாள். எழுந்து நின்றாள்.

“அடக் கடவுளே. நீங்க சொன்னது நிஜம்தாங்க.”

நிபுணர் ஒரு கணம் தடுமாறிப்போனார். அவர் சொன்னதை அவள் நிஜம் என்று ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை.

“சரி, ஆயில் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?”

கேட்டாளா, இல்லை அணைக்கட்டின் மதகைத் திறந்தாளா? நிபுணர் பொழிந்தார். பானெட்டைத் தூக்கினார். இன்ஜினை ஓடவிட்டு, சூடேறும்வரை காத்திருந்து, கியரை பார்க்கிங்கிலேயே வைத்து, அளவுகோல் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுக்க வேண்டும் என்றார். ஆயில் சிவப்பாக இருந்தால் ஆரோக்கியம். கருத்துத் தீய்ந்த வாசனை வந்தால் ஆபத்து. வெயிலில் அது நீர்த்துப்போகும், அளவும் குறைந்திருந்தால் கியர் வழுக்கும், இன்ஜின் உறுமும், வண்டி நகராது.

“உறுமும், நகராது” என்று திருப்பிச் சொல்லிக்கொண்டாள் அவள். அவரை ஒருமுறை பார்த்தாள். “புரியுதுங்க, நல்லாவே புரியுது. சரி, இன்ஜின் சூடாயிட்டா?”

“முதல்ல ஏசியை அணைக்கணும். அப்புறம், சிரிக்காதே, ஹீட்டரை முழுசாத் திறக்கணும்.”

“இந்த வெயில்ல ஹீட்டரா?”

“இன்ஜின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கும். நாம வேகுவோம், வண்டி பிழைக்கும். எக்காரணம் கொண்டும் சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறந்துடக்கூடாது. வெந்நீர் மூஞ்சியில அடிக்கும்.”

பேச்சின் வேகத்தில் கம்பியை உருவினார். உருவியவர் அப்படியே நின்றார். கம்பி நுனியில் பாதிக்குக் கீழேதான் ஈரம் இருந்தது. அதுவும் சிவப்பு இல்லை, பழைய காப்பி நிறம். தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. பல வருஷமாக அவர் அந்தக் கம்பியைத் தொட்டதே இல்லை. பொய்யாகச் சொன்ன வியாதி வண்டிக்கு மெய்யாகவே இருந்தது.

“பார்த்தியா?” என்றார். குரலில் இருந்த அதிர்ச்சி இந்த முறை நடிப்பு இல்லை.

“பார்த்தேங்க” என்றாள் மனைவி. அவள் கம்பியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப வண்டியைத் தொடவே கூடாது. நீங்களும் ஆபீசுக்கு பஸ்லயே போயிடுங்க.”

இதை நிபுணர் யோசித்துவைக்கவில்லை. ஆனால் சாகக் கிடக்கிற வண்டியில் ஆபீசுக்குப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பஸ்ஸில் போனார். உட்கார இடம் கிடைக்காது. கம்பி சுடும். முன்னால் நிற்பவரின் முதுகு வியர்வை இவர் சட்டையில் படமாக விழும். அந்த வாரம் முழுக்க அவர் வெந்து, வாடி, கிடங்குக்குப் போய்ச் சேரும்போது துவைத்துப் பிழியாத துணி மாதிரி இருந்தார். ஆனாலும் சபதம் நிலைத்தது. சின்னவள் அங்கே, அவர் இங்கே. அந்த நிம்மதியில் வியர்வைகூடக் கொஞ்சம் குளிர்ந்தது.

ஒருநாள் சிக்னலில் பஸ் நின்றபோது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. தன் காரின் அதே நிறம். பின்பக்கத்தில் அதே நசுங்கல். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சை விழுந்ததும் பதறாமல் கிளம்பிப் போனாள்.

“பாருங்க சார்” என்றார் பக்கத்தில் நின்றவரிடம், “என் வண்டி மாதிரியே இருக்கு. பொம்பளைங்க ஓட்டினா வண்டிக்கு ஆயுசு கம்மி.”

“நல்லாத்தானே ஓட்டுறாங்க?”

“இது வேற வகைச் சேதம் சார். வெளியே தெரியாது” என்றார் நிபுணர்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கட்டிலில் ஏறிச் சுட்டபோதுதான் விழித்தார். வீட்டில் சத்தமே இல்லை. காப்பி இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வண்டி நின்ற இடத்தில் வெறும் தரை. போனை எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

“ஓரமா நிறுத்திட்டுப் பேசுறேங்க. சொல்லுங்க.”

“எங்க இருக்கே?”

“பாதி தூரம் வந்துட்டேன். நிழலா ஒரு மரம் கிடைச்சுது.”

“பைத்தியமா உனக்கு? கியர் ஆயில் ஒழுகுற வண்டியை எடுத்துக்கிட்டு…”

“ஒழுகினது சர்பத்துங்க.”

நிபுணரின் பார்வை சமையலறை அலமாரிக்குப் போனது.

“ஆனா ஒண்ணு, கம்பியில நீங்க காட்டினது நிஜம். மறுநாளே ஒர்க்ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனேன். ஆயில் தீஞ்சு போச்சும்மா, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கியர்பாக்ஸே போயிருக்கும்னாங்க. எல்லாத்தையும் வடிச்சுப் புதுசா ஊத்தியாச்சு. நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“உனக்குத்தான்… ஓட்ட வராதே…”

“நீங்க பஸ்ல போன நாளெல்லாம் நான் லீவு. தினம் ஊரைச் சுத்தினேன். பக்கத்து சீட்டு காலியா இருந்தா வண்டி நல்லாவே போகுதுங்க.”

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. வைத்துவிட்டாள்.

நிபுணர் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பழைய ரொட்டியைத் தின்றார். பல் டாக்டர் வந்து, “வண்டி சரியாயிடுச்சு போல? மேடம் ஓட்டிட்டுப் போனாங்களே, பிரமாதமா ரிவர்ஸ் எடுத்தாங்க சார்!” என்று வெந்த புண்ணை நோண்டிவிட்டுப் போனார். அவருக்குத் தொழிலே அதுதானே.

வெயில் ஏற ஏற நிபுணருக்குள் ஒரு ஆசையும் ஏறியது. வண்டி நிற்க வேண்டும். நடுவழியில், நிழலே இல்லாத இடத்தில். புகை வர வேண்டும். அவள் கூப்பிட வேண்டும். “உங்களை விட்டா எனக்கு யாருங்க” என்று தழுதழுக்க வேண்டும். அவர் உடனே சமாதானமாகிவிடக் கூடாது. கொஞ்சம் இழுத்து, “நான்தான் சொன்னேனே” என்று தொடங்க வேண்டும். காலில் கட்டோடு ஒருத்தி, பதறிப்போய் ஒருத்தி, அந்தக் கொதிக்கிற சாலையில் நிற்பதைத்தான் தான் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று நடுவில் ஒரு தடவை உறைத்தது. சீ என்று தோன்றியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி வேண்டிக்கொண்டார்.

உச்சி வெயிலில் போன் அடித்தது. மனைவிதான். நிபுணர் துள்ளி எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையில் ஒரு கையை நுழைத்துக்கொண்டே எடுத்தார்.

“என்னாச்சு? நின்னுடுச்சா? எங்க நிக்கிறே? இரு, நான் வர்றேன்!”

“ஒண்ணுமில்லைங்க. சூட்டு முள்ளு கொஞ்சம் மேல ஏறுச்சு. நீங்க சொன்னபடி ஏசியை அணைச்சு ஹீட்டரைத் திறந்தேன். ரெண்டு பேரும் வெந்துட்டோம். ஆனா முள்ளு இறங்கிடுச்சு.” பின்னாலிருந்து சின்னவளின் குரல் கேட்டது: “அத்தான்! இது நீங்க படிச்சதுதானே? தோணினதா இருக்காது. வேலை செய்யுதே!”

ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நிபுணர் நின்றார். வாழ்நாளெல்லாம் அவர் சொன்னது எதுவும் யாருக்கும் உருப்படியாகப் பயன்பட்டதில்லை. இதோ பலித்துவிட்டது. எதிரிக்குப் பலித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சாயங்காலம் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. மேலெல்லாம் தூசி. உள்ளேயிருந்து சூடான உலோகம் டிக்டிக்கென்று ஆறும் சத்தம். பின் சீட்டில் குறுக்கே கால் நீட்டிச் சின்னவள், மகாராணி மாதிரி. மனைவியின் முகம் வெயிலில் கறுத்துச் சிவந்திருந்தது. வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கிடந்தது புடவை. ஆனால் இறங்கி நின்ற தோரணை புதிதாக இருந்தது. அந்த உயரம் அவளுக்கு எப்போதும் உண்டா என்று நிபுணர் யோசித்தார்.

பல் டாக்டர் ஓடிவந்து ஒரு தோள் கொடுத்தார். மனைவி ஒரு தோள் கொடுத்தாள். சின்னவள் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “அத்தான், இளைச்சுட்டீங்களே. பஸ் பயணம் உடம்புக்கு நல்லது” என்றாள். எல்லோரும் உள்ளே போனார்கள். மாவுக்கட்டு நிலைப்படியில் பட்டது, தாண்டியது, போயே போய்விட்டது.

நிபுணர் வெளியே தங்கினார். பானெட்டைத் திறந்தார். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா? கம்பியை உருவிப் பார்த்தார். பளிச்சென்ற சிவப்பு. அளவு சரியாகக் கோட்டில். குழாய்களைத் தடவினார். ஈரம் இல்லை. முகர்ந்தார். வாடை இல்லை. வண்டி அவர் வசம் இருந்த காலத்தில் ஒருநாளும் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை. பானெட்டை ஓங்கி அடித்து மூடினார்.

“ஏங்க” என்று மனைவி வெளியே வந்து சாவியை நீட்டினாள். “வண்டி வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் உள்ளே தள்ளி விட்டுடுங்களேன். எனக்குக் கை நடுங்குது.”

கை நடுங்குகிறதாம்! நிபுணருக்கு உயிர் வந்தது. எத்தனை தூரம் ஓட்டியிருந்தால் என்ன, கடைசியில் சாவி யார் கைக்கு வந்தது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் நங்கென்று இடித்தன. வயிறு மடங்கி நெஞ்சுக்கு வந்தது. சீட்டு அவள் உயரத்துக்குத் தக்கபடி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் முனகிக்கொண்டே சீட்டுக்கடியில் கையை விட்டு நெம்புகோலைத் தேடினார்.

ஜன்னலில் தட்டும் சத்தம். மனைவி குனிந்து நின்றாள். குரல் தன்மையாகத்தான் இருந்தது.

“சீட்டை நகர்த்திடாதீங்க. காலையில வேலைக்குக் கிளம்புற அவசரத்துல மறுபடி நான் சரிபண்ணிக்கிட்டு இருக்க முடியாது.”